ஒன்றேமுக்காலை அரையால் வகுத்தால்: படிப்பிக்க வரும் மாணவருக்கு ஏன் ஒரு பரீட்சை?

"சேர், இது ஆறாம் ஆண்டுக் கணக்கெல்லோ?" என்று சிரித்துக்கொண்டே பேனையைத் திறந்தார் அந்தத் தம்பி. உயர்தரத்தில் இணைந்த கணிதத்துக்கு ஏ எடுத்தவர். பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தார். எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் நடக்கும் மாலை வகுப்புக்குப் படிப்பிக்க ஆள் தேடிய நாள் அது. வாசிகசாலையில் பத்திரிகைகளை ஒதுக்கிவிட்டு, அந்த நீள மேசையிலேயே வந்தவர்களை இருத்தி ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தோம்.

முதலாவது கணக்கு 1¾ ÷ ½. பத்து விநாடி எடுத்திருக்காது. இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கி, 3½ என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டார். அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: "இந்தக் கணக்கைச் செய்ய வேண்டி வரும் ஒரு சின்னக் கதையை எழுதுக." பேனை நின்றது. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு எழுதினார்: "அம்மாவிடம் ஒன்றேமுக்கால் லீற்றர் பால் இருக்கிறது. அதை இரண்டு பிள்ளைகளுக்கும் அரைவாசி அரைவாசியாகக் கொடுத்தால் ஒருவருக்கு எவ்வளவு?"

எழுதி முடித்துத் தன் விடையையும் கதையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றேமுக்கால் லீற்றரில் ஒரு பிள்ளைக்கு மட்டும் எப்படி மூன்றரை லீற்றர் வரும்? "பால் கூடிப்போச்சு சேர்" என்றார். சிரிப்பு வேறு மாதிரியாகியிருந்தது.

அவர் எழுதியது அரையால் வகுக்கும் கதை இல்லை, இரண்டால் வகுக்கும் கதை. இந்த இடத்தில் தடுக்கி விழுந்தவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. 1999இல் வெளிவந்த, லிப்பிங் மா என்ற கணிதக் கல்வி ஆய்வாளரின் ஆய்வில் இதே 1¾ ÷ ½ அமெரிக்க ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்கள் 23 பேரிடம் கேட்கப்பட்டது. கணித்துப் பார்த்த 21 பேரில் 9 பேருக்குத்தான் விடை முழுமையாகச் சரியாக வந்தது. பொருத்தமான கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீனாவில் கேட்கப்பட்ட 72 பேரும் கணக்கைச் சரியாகச் செய்தார்கள், அவர்களில் 65 பேர் கதையும் சொன்னார்கள். அமெரிக்கர்கள் அதிகம் செய்த பிழை எங்கள் தம்பி செய்த அதே பிழை, அரையால் வகுப்பதை இரண்டாகப் பிரிப்பதோடு குழப்பிக்கொள்வது. வேடிக்கை என்னவென்றால், தமிழில் பின்னத்துக்கு வாய்க்கு வசதியான சொற்கள் தாராளமாக உண்டு. கால், அரை, முக்கால், அரைக்கால், மாகாணி என்று சந்தையிலும் காணி உறுதியிலும் பழகியவர்கள் நாங்கள். ஆனால் "அரைவாசியாக்கு" என்பதும் "அரையால் வகு" என்பதும் காதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் வழுக்குவதும் சுலபம்.

யாழ்ப்பாணத்தில் ரியூசனைப் பற்றிக் கதைக்காத வீடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு வைக்கலாமா, வெள்ளி மாலை கோயிலுக்குப் போக விடலாமா, ஒரு பாடத்துக்கு எவ்வளவு காசு என்றெல்லாம் வாதம் நடக்கும். படிப்பிக்கிறவருக்கு அடிப்படை இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்வி மட்டும் அநேகமாக வருவதில்லை. "எத்தனை ஏ?" என்று கேட்டால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

படிப்பிப்பவர்கள் யார் என்று முதலில் பார்க்கலாம். மதிலெல்லாம் பெயர் ஒட்டப்படும், மைக்கில் பாடம் நடத்தும் பெரிய ஆசிரியர்கள் ஒரு பக்கம். அவர்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். ஆறாம் ஆண்டு தொடங்கிச் சாதாரண தரம் வரை தகரக் கொட்டகையிலும் வீட்டு விறாந்தையிலும் நடக்கும் வகுப்புகளில் பெரும்பகுதியைத் தாங்குபவர்கள் இருபதைத் தாண்டியும் தாண்டாத பிள்ளைகள். இதற்குக் காரணம் நாட்டின் பரீட்சை நாட்காட்டியிலேயே இருக்கிறது. உயர்தரம் எழுதிப் பெறுபேறு வர மாதங்கள் போகும், பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி வெட்டு வர இன்னும் சில மாதங்கள், வளாகம் தொடங்க இன்னும் சில. கொரோனாவும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் அந்த இடைவெளியை மேலும் இழுத்தன. அந்தக் காலத்தைச் சும்மா கழிக்க முடியாத கெட்டிக்காரப் பிள்ளைகள் படிப்பிக்கப் போகிறார்கள். பிறகு வளாகத்துக்குப் போனாலும் விடுவதில்லை, அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அது உதவும். வளாகத்துக்குக் கிட்ட இருக்கும் பரமேஸ்வரா சந்தியில் மாலை நாலு மணிக்கு நின்று பாருங்கள், சைக்கிளில் போகிறவர்களில் படிக்கப் போவது யார், படிப்பிக்கப் போவது யார் என்று பிரிக்கவே ஏலாது.

இலவசக் கல்வி 1945இல் வந்த நாடு இது. ஆனாலும் 1970களின் தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலை இறுக்கிய பிறகு, இங்கே ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. 1974இல் திருநெல்வேலியில் யாழ்ப்பாண வளாகம் திறந்தது, அந்தப் பயம் போகவில்லை. ரியூசன் அதில் வளர்ந்த மரம். அது நல்லதா கெட்டதா என்ற விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. மரம் நிற்கிறது. அதில் ஏறி நிற்பவர் விழாமல் இருப்பாரா என்பதுதான் பிரச்சினை.

உயர்தரப் பெறுபேறு அடிப்படைத் திறனுக்குச் சான்றாகாதா? ஓரளவுக்கு ஆகும், முழுக்க ஆகாது. கலைப் பிரிவிலும் உயிரியல் பிரிவிலும் படித்தவர் கணிதத்தைத் தனிப் பாடமாகக் கடைசியாகத் தொட்டது சாதாரண தரத்தில். கணிதப் பிரிவில் படித்தவர் தொகையீடும் வகையீடும் செய்து செய்து, ஏழாம் ஆண்டுப் பிள்ளைக்குப் பின்னம் எப்படித் தெரியும் என்பதையே மறந்திருப்பார். பல்கலைக்கழக அனுமதிக்கென்று பொதுப் பரீட்சை ஒன்றும் உண்டு. அதில் 30 புள்ளி எடுத்தால் போதும் என்பதால் அதை ஆரும் பெரிதாக எடுப்பதில்லை. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மருத்துவமும் பொறியியலும் விஞ்ஞானமும் வளாகத்தில் ஆங்கிலத்தில்தான். இரண்டு வருடம் போனதும், பின்னத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உரிய 'தொகுதி', 'பகுதி' என்ற சொற்கள் வாயில் வராது. "மேல இருக்கிறது, கீழ இருக்கிறது" என்று சொல்லி ஒப்பேற்றுவார்கள். பிள்ளையின் வினாத்தாளில் இருப்பதோ தொகுதியும் பகுதியும்தான்.

கற்பிக்க வருபவரின் அடிப்படைக் கணிதத்தையும் வாசிப்பையும் சோதிப்பது மற்ற இடங்களில் பழைய வழக்கம். கலிபோர்னியாவில் 1983 முதல் ஆசிரியர் உரிமத்துக்கு ஒரு அடிப்படைத் திறன் பரீட்சை நடந்துவந்தது: வாசிப்பில் 50 கேள்வி, கணிதத்தில் 50, இரண்டு கட்டுரை. பாடசாலைப் பாடவிதானத்தைத் தாண்டிய எதுவும் அதில் இல்லை. சிறுபான்மையினரை அது அநியாயமாக வடிகட்டுகிறது என்று வழக்கும் போட்டார்கள். 2000இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் பரீட்சை செல்லும் என்றது. இங்கிலாந்தில் பயிற்சி ஆசிரியர்களுக்கான எண் திறன் பரீட்சையில் 28 கேள்விகள் இருந்தன. முதல் 12 கேள்விகளையும் காதில் கேட்டு, கல்குலேற்றர் இல்லாமல் மனக்கணக்காகச் செய்ய வேண்டியிருந்தது. 2012க்குப் பிறகு மூன்று தடவை தவறினால் இரண்டு வருடம் பொறுக்க வேண்டும் என்று இறுக்கினார்கள், 2018இல் அதைத் தளர்த்தினார்கள், 2020இல் பரீட்சையையே எடுத்துவிட்டார்கள். ஆசிரியர் தட்டுப்பாடு எந்தக் கொள்கையையும் உருக்கிவிடும் போலும். அவுஸ்திரேலியாவில் 2016 முதல் நடக்கும் பரீட்சையில் இலக்கு இன்னும் உயரம். ஆசிரியராக வருபவரின் எழுத்தறிவும் எண்ணறிவும் நாட்டின் வளர்ந்தோரில் மேல் 30 சதவீதத்தினருக்குச் சமமாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

எங்கள் தேவைக்குக் கிட்ட வருவது இவற்றில் ஒன்றும் இல்லை. அமெரிக்க வகுப்பறைகளில் ஆசிரியருக்குக் கைகொடுக்கும் உதவியாளர்களுக்கென்று நடக்கும் பரீட்சை ஒன்று உண்டு, அதுதான் கிட்டியது. வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் முப்பது முப்பதாக 90 கேள்விகள், இரண்டரை மணி நேரம். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு "உனக்குத் தெரியுமா" என்று கேட்கும். மிச்சம் ஒரு பங்கு "பிள்ளை இப்படிச் செய்திருக்கிறது, எங்கே பிழைத்தது, எப்படி உதவுவாய்" என்ற வகை. அந்தக் கடைசிப் பங்குக்காகத்தான் மற்ற இரண்டும் இருக்கிறது என்பேன்.

அதற்கு ஆதாரமும் உண்டு. 2005இல் அமெரிக்காவில் முதலாம், மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களை வைத்துச் செய்த ஆய்வொன்றில், கற்பிப்பதற்கு வேண்டிய கணித அறிவு கூடிய ஆசிரியரின் பிள்ளைகள் அந்த வருடத்தில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். அங்கே அளந்தது ஆசிரியரின் உயர்கணிதத்தை இல்லை. மூன்று பிள்ளைகள் மூன்று விதமாகப் பெருக்கியிருக்கிறார்கள், இவற்றில் எந்த முறை எப்போதும் சரிவரும் என்பது மாதிரியான கேள்விகளை. முதலாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட அது வித்தியாசம் காட்டியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே ஒரு தாள் தயாரிக்கும்போது கணக்குகளைக் கடினமாக்குவதால் பலன் இல்லை. எளிய கணக்கை எடுத்து அதை மூன்று பக்கமும் திருப்பிக் கேட்க வேண்டும். செய்து காட்டு, கதை சொல்லு, பிள்ளையின் பிழையை வாசி. உதாரணத்துக்கு ஒரு பொருளின் விலையை 20 சதவீதம் கூட்டிவிட்டுப் பிறகு 20 சதவீதம் குறைத்தால் பழைய விலைக்கு வருமா? வராது, 4 சதவீதம் குறையும். இதைச் செய்வது கணக்குத் தெரிந்த எவருக்கும் லேசு. "கூட்டினதும் 20, குறைச்சதும் 20, அப்ப சரிதானே அண்ணை?" என்று கேட்கும் பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டால் தாளில் அமைதி. பலர் திரும்பத் திரும்பச் சூத்திரத்தை எழுதினார்கள். ஒரு தங்கச்சி மட்டும், "இரண்டாவது 20 எதிலிருந்து எடுத்தது என்று கேட்பேன்" என்று ஒரே வரி எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்குத்தான் அவ்வளவு நேரம் காத்திருந்தோம்.

இன்னொரு பழைய கேள்வி. 1981இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் முதலாம் வருடப் பொறியியல் மாணவர் 150 பேரிடம் கேட்டது. "இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப்போல் ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள். இதைச் சமன்பாடாக எழுதுக." மாணவர் மா, பேராசிரியர் பே. சரியான விடை மா = 6பே. 37 சதவீதம் பேர் பிழைவிட்டார்கள், அவர்களில் பெரும்பாலானோர் 6மா = பே என்று தலைகீழாக எழுதினார்கள். பொறியியல் மாணவர்கள்! எங்கள் மேசையிலும் அதே தலைகீழ் வந்தது. தமிழ் வசனத்தில் "ஆறு மடங்கு மாணவர்கள்" என்று ஆறும் மாணவரும் ஒட்டியே வருவதால் கை தன்பாட்டில் 6மா என்று எழுதிவிடுகிறது. வசனத்தை இடமிருந்து வலமாகக் குறியீடாக மாற்றினால் வரும் வினை இது. பே 10 என்றால் மா எத்தனை என்று ஒருதரம் போட்டுப் பார்த்தால் பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். போட்டுப் பார்க்கும் பழக்கம் ஒருவரிடம் இருக்கிறதா என்பதைக் காட்டவே இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும்.

கவனித்தீர்களானால், இது கணக்குப் பிழை மாதிரித் தெரிந்தாலும் வாசிப்புப் பிழை. சாதாரண தரக் கணித வினாத்தாளின் இரண்டாம் பகுதியைப் புரட்டுங்கள், பாதிக் கேள்விகள் பந்திகளாகத்தான் இருக்கின்றன. வரி, வட்டி, பங்கு என்று தொடங்கும் ஒரு கேள்வியை முழுக்க வாசித்து விளங்கினால்தான் முதல் அடியை எடுத்துவைக்கலாம். "எனக்குக் கணக்கு ஓடாது" என்று சொல்லும் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்குக் கணக்கு ஓடும், வசனம்தான் ஓடுவதில்லை. அதைக் கண்டுபிடிக்க, படிப்பிக்கிறவருக்கு முதலில் வசனம் ஓட வேண்டும். அதனால்தான் கணிதம் படிப்பிக்க வந்தவர்களுக்கும் கிரகித்தல் கொடுத்தோம். "சேர், நான் தமிழ் படிப்பிக்க வரேல்லையே" என்று ஒருவர் முறைப்பட்டார். நியாயமான கேள்விதான்.

கிரகித்தல் என்றால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சூத்திரம் உண்டு. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பந்தியில் தேடு, அது இருக்கும் வசனத்தைத் தூக்கி விடையில் வை. விளங்காமலே பாதிப் புள்ளி வந்துவிடும். அந்த வித்தை பலிக்காத ஒரு சின்னப் பந்தி எங்களுக்குத் தேவைப்பட்டது. நாங்களே எழுதினோம்:

"மாரி தொடங்குமுன் கிண்டிய வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டுபோன அன்றே ஒருவர் விற்றுவிட்டார். பக்கத்துத் தோட்டக்காரர் பத்து நாள் பிந்திக் கிண்டினார். விலை குறைத்துச் சொல்லியும் பாதிக்கு மேல் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அடுத்த போகத்துக்கு அவர் விதைவெங்காயத்தை விலைகொடுத்தே வாங்கினார்."

எத்தனை நாள் பிந்தினார் என்ற கேள்விக்கு எல்லோரும் விடை எழுதினார்கள். அது தூக்கி வைக்கும் கேள்வி. ஏன் விற்கவில்லை என்பதற்கு மழையைப் பந்தியிலிருந்து தாங்களாக ஊகிக்க வேண்டும். பலர் செய்தார்கள். கடைசிக் கேள்விதான் அளவுகோல்: "வீட்டுக்குத் திரும்பி வந்த வெங்காயம் எந்த நிலையில் இருந்தது? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" விதைவெங்காயத்தை விலைக்கு வாங்கினார் என்றால், திரும்பி வந்தது விதைக்கும் உதவாமல் பழுதாகியிருக்க வேண்டும். நாலு வசனத்தின் முதலும் கடைசியும் கைகோக்கும் இடம் அது.

இங்கே நாங்கள் ஒரு குழியில் விழுந்தோம். புன்னாலைக்கட்டுவனில் தோட்டக்காரர் வீட்டில் வளர்ந்தவர் அந்தக் கேள்வியை ஒரு மூச்சில் செய்துவிட்டார். குருநகரில் கடற்தொழில் செய்யும் குடும்பத்திலிருந்து வந்த பிள்ளைக்கு, விளைந்ததிலேயே ஒரு பங்கை விதைக்கு எடுத்து வைப்பார்கள் என்பதே தெரியாது. அவருடைய வாசிப்பில் குறையில்லை, வெங்காயத்தில்தான் பரிச்சயமில்லை. 1988இல் அமெரிக்காவில் செய்த ஒரு பரிசோதனை இதைத்தான் காட்டியது. 64 பிள்ளைகளுக்குப் பேஸ்போல் ஆட்டம் ஒன்றைப் பற்றிய பந்தியைக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள். கிரிக்கெட் வர்ணனையை அப்பாச்சிக்கு வாசித்துக் காட்டினால் என்ன நடக்கும் என்று யோசித்தால் விளங்கும். எழுத்தைக் கூட்டி வாசிப்பதும் மொழி விளங்குவதும் ஒன்றோடொன்று பெருகித்தான் வாசிப்பாகிறது என்று 1986 முதல் வாசிப்பு ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். பெருக்கல் என்பதால் ஒன்று பூச்சியமானால் எல்லாம் பூச்சியம். அந்த விளங்குதலுக்குள் உலக அறிவும் அடங்கும். சரி, பிறகு என்ன செய்தோம்? தோட்டத்தில் ஒன்று, கடலில் ஒன்று, பஸ் பயணத்தில் ஒன்று என்று மூன்று பந்தி வைத்தோம். அப்போதுதான் நாங்கள் அளப்பது வாசிப்பை என்று ஓரளவுக்காவது சொல்ல முடிந்தது.

நேரத்திலும் பிழைவிட்டோம், அது இதைவிட மோசம். முதல் தாளில் 40 கேள்வி, 30 நிமிடம். வளாகத்தில் கலைப் பிரிவில் படித்த ஒரு தங்கச்சி 22 கேள்வியோடு நின்றுவிட்டார். செய்த 22இல் ஒன்றிரண்டுதான் பிழை. நாங்கள் மொத்தப் புள்ளியை மட்டும் பார்த்து அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

தமிழ்நாட்டில் இது மாநில அளவில் நடந்திருக்கிறது. 2012 ஜூலையில் நடந்த முதலாவது ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தார்கள். ஆறரை இலட்சம் பேருக்கு மேல் எழுதியதில் சித்தியடைந்தவர்கள் 2,500 பேருக்கும் குறைவு. நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. பத்திரிகைகள் ஆசிரியர்களின் தரத்தைப் பிடித்து உலுப்பின. அதே வருடம் ஒக்டோபரில் நேரத்தை மூன்று மணியாக்கித் திரும்ப நடத்தியபோது சித்தியடைந்தவர் தொகை பல மடங்காகியது. மூன்று மாதத்தில் அவ்வளவு பேரும் கெட்டிக்காரர் ஆகிவிடவில்லை, கடிகாரம் கொஞ்சம் விலகி நின்றது. விரைவு வேண்டிய வேலைக்கு விரைவைச் சோதிக்கலாம். படிப்பிப்பதில் பொறுமையாக ஒரு கணக்கோடு இருப்பவர்தான் வேண்டும் என்றால், நேரத்தை இறுக்குவது நமக்கு வேண்டாதவரைத் தேர்ந்தெடுக்கும் வழி.

வெட்டுப் புள்ளியை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு பழைய நடைமுறை உண்டு. வில்லியம் அங்கொஃப் என்ற அளவீட்டியலாளர் 1971இல் எழுதியது, இன்றும் பல நாடுகளில் பாவிக்கிறார்கள். அனுபவமுள்ள சில ஆசிரியர்களை இருத்தி, ஒவ்வொரு கேள்விக்கும் இப்படிக் கேட்க வேண்டும்: "படிப்பிக்கலாம், ஆனால் மட்டுமட்டு என்று நீங்கள் நினைக்கும் பத்துப் பேரில் எத்தனை பேர் இதைச் சரியாகச் செய்வார்கள்?" கேள்விவாரியாக வரும் அந்தப் பங்குகளைக் கூட்டினால் வருவதுதான் வெட்டு. நூற்றுக்கு ஐம்பது என்று கண்ணை மூடிக்கொண்டு வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஓய்வுபெற்ற மூன்று ஆசிரியர்கள் ஒரு தேநீரோடு ஒன்றரை மணி நேரத்தில் இதை முடித்துத் தந்தார்கள். அவர்களுக்குள் நடந்த வாக்குவாதத்தைக் கேட்டதே எனக்கு ஒரு படிப்பு.

சரி, சித்தியடைந்துவிட்டார். உடனே பிள்ளைகள் முன்னால் விடலாமா? அமெரிக்காவில் பல்கலைக்கழகங்களில் மாணவரே மாணவருக்குப் படிப்பிக்கும் திட்டங்களுக்குச் சங்கமொன்று 1989 முதல் தரச்சான்று கொடுத்துவருகிறது. அதன் முதல் நிலைக்குக் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சியும் 25 மணி நேரம் படிப்பித்த அனுபவமும் வேண்டும். எப்படிக் கேள்வி கேட்பது, எப்போது வாயை மூடிக்கொண்டு இருப்பது, பிள்ளை அழுதால் என்ன செய்வது போன்றவை அந்தப் பயிற்சியில் வரும். இவற்றைப் பல்தேர்வு வினாவில் அளக்க முடியாது. 2020இல் வெளியான, 96 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், தனிக்கவனப் படிப்பித்தல் பொதுவாக நல்ல பலன் தந்திருந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் உதவியாளர்களும் படிப்பித்த இடங்களில் அது தொண்டர்களும் பெற்றோரும் படிப்பித்த இடங்களைவிடக் கூடுதலாக இருந்தது. விருப்பத்தோடு வருகிறார்களே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது.

மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குப் படிப்பிப்பது அமெரிக்கா நமக்குச் சொல்லித்தந்த சங்கதி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தார். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றை நடத்திய அன்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதிப் படிக்கும் நம்மூர்ப் பிள்ளைகளைப் பார்த்து, பிள்ளையை வைத்தே பிள்ளைக்குப் படிப்பிக்கும் முறையை அமைத்தார். 1797இல் லண்டனில் அதை எழுதி வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது உலகம் சுற்றியது. அந்தச் சட்டாம்பிள்ளைக்குப் பரீட்சை தேவைப்படவில்லை, வாத்தியார் பக்கத்திலேயே திண்ணையில் இருந்தார், பிழை சொன்னால் காது திருகப்படும். இன்று விறாந்தையில் தனியே படிப்பிக்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஆரும் இல்லை. படிப்பிப்பவருக்கும் இதில் லாபம் உண்டு என்பதையும் மறக்கக்கூடாது. 1982இல் 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, படித்த பிள்ளைகளோடு படிப்பித்த பிள்ளைகளும் அந்தப் பாடத்தில் முன்னேறியிருந்தார்கள்.

எங்கள் தாள் இப்போது ஒரு பக்கம்தான். பன்னிரண்டு கேள்வி, ஒரு மணி நேரம், விரும்பினால் இரண்டாம் தடவையும் எழுதலாம். கல்குலேற்றர் முதல் நாலு கேள்விக்கு இல்லை, பிறகு பாவிக்கலாம். 22 கேள்வியோடு நின்ற தங்கச்சியை அடுத்த மாதம் வீடு தேடிப் போய்க் கூப்பிட்டோம். முதலில் வரமாட்டேன் என்றார். அவருடைய அம்மா எங்களுக்கு நல்ல கிழி கொடுத்த பிறகு வந்தார். ஏழாம் ஆண்டு இப்போது அவரிடம்தான்.

பால் கூடிப்போன தம்பியும் நிற்கிறார். போன கிழமை அவருடைய வகுப்பை யன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். பலகையில் 1¾ ÷ ½ இருந்தது. "ஒன்றேமுக்கால் பரப்புக் காணி இருக்கு. அதை அரைப் பரப்பு அரைப் பரப்பாத் துண்டு போட்டா எத்தினை துண்டு வரும்?" என்று கேட்டார். கதை இந்தமுறை சரி. பிள்ளைகள் கொப்பியில் காணியைக் கீறினார்கள். முன்வாங்கில் இருந்த ஒரு சின்னவள் கையைத் தூக்கினாள்.

"அண்ணை, மூண்டு துண்டு வந்திட்டுது. மிச்சம் கால் பரப்பு கிடக்கு. அப்ப விடை மூண்டேகால் எல்லோ? நீங்கள் ஏன் மூண்டரை எண்டு எழுதினீங்கள்?"

இந்தக் கேள்வி எங்கள் தாளில் இல்லை. தம்பி பலகையைத் திரும்பிப் பார்த்தார், பிறகு என்னையும் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வெண்கட்டியை எடுத்து அந்த மிச்சக் கால் பரப்பைப் பெரிதாகக் கீறினார். அதற்குப் பக்கத்தில் அதே அளவில் இன்னொரு கட்டத்தைப் புள்ளிக்கோட்டால் ஒட்டிவைத்தார்.

"பிள்ளை, இஞ்ச பார். ஒரு முழுத் துண்டு எண்டா எவ்வளவு பெரிசு? அதில இது எத்தினை வாசி?"

அவள் எழும்பிப் பலகைக்குக் கிட்ட வந்தாள்.